இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு போத்தல்

என் எழுத்து மேசைக்கு மேலே ஜன்னல் கட்டையில் இரண்டு வெற்றுப் போத்தல்கள் நிற்கின்றன. இரண்டின் வாயிலும் சுருட்டிய தாள் அடைத்திருக்கிறது. வெள்ளைப் போத்தல் திருச்சியிலிருந்து வந்தது. பச்சை, பெரிய மாமாவுடையது. அம்மாவின் அண்ணனான அவர் இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இதய நோய்க்காகப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சைப் போத்தலைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொள்வார். குளிசை எனும் மாத்திரைகளைத் தாள் உறையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கிப் பல காலம் ஆகிவிட்டது. தாதி சிரிப்பார். மாமா சிரிக்கமாட்டார். இன்றைக்கு உறை தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

அதற்குக் காரணம் உண்டு. அவர் சிறுவனாக இருந்தபோது தம்பிக்குக் கடும் காய்ச்சல். பாட்டி தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்கிறார். மருந்து இலவசம், ஆனால் தண்ணி மருந்துக்குப் போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். போத்தல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஓடி ஒன்றைத் தேடி எடுத்து வருவதற்குள் கதவைப் பூட்டியாகிவிட்டது. தம்பி எப்படியோ பிழைத்துக்கொண்டார். அண்ணன், தம்பி இருவரும் அதன்பின் வெறுங்கையோடு எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை. அந்தத் தம்பி, என் சின்ன மாமா, தோட்டத் தமிழரை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தக் காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலேறித் திருச்சிப் பக்கம் குடியேறினார். அண்ணன் இங்கேயே தங்கிவிட்டார்.

பெரிய மாமா எதையும் நம்பாதவர். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். இலவசம் என்று எவராவது சொன்னால் அவர் முகம் இன்னும் இறுகும். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்து ஓய்ந்த சமயம் அது. இந்தியாவும் இலங்கையும் மக்களின் சுகாதாரத்துக்கு எவ்வளவு செலவழிக்கின்றன, மக்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று ஒப்பிட்டு என் பத்திரிகைக்காக நான் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டுரையின் ஒரு பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பதுளைக்குப் போற பஸ் காசு இதுல சேந்திருக்கா மாப்ள? அன்னிக்குப் போற பேரு?" என்றார். பேர் என்பது தோட்டத்தில் ஒருநாள் வேலை, அதன் சம்பளம். சேரவில்லை என்றேன். "அப்ப ரெண்டு நாட்டுக்காரனும் ஒரே தராசத்தான் வெச்சிருக்கான்" என்று எழுந்து போய்விட்டார்.

அவருக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்லி, பதுளையிலிருந்து வேறு ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். செலவில்லை, ஆனால் வரிசை நீளம். ஒரு நாள் தவறினால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். இந்த நேரத்தில்தான் சின்ன மாமா தொலைபேசியில் விடாமல் அழைக்கத் தொடங்கினார்.

"அண்ணே, இங்க வந்துரு. காசு குடுத்தா மறுநாளே வெட்டித் தெச்சு அனுப்பிருவான்."

"காசு இல்லாதவன எங்க அனுப்புவான்னு கேட்டுச் சொல்லு."

"அதுக்கு எங்க கவருமெண்டுல கார்டு இருக்குண்ணே."

"எங்க நாட்டுல கார்டே வேணாம்டா."

நாற்பது வருடத்துக்கு முன் யார் சரியான கடவுச்சீட்டை எடுத்தார்கள் என்ற வழக்கு அது. இதயம் அதில் புதிய சாட்சி, அவ்வளவுதான். ஆனால் தம்பியின் அவசரம் மாமாவை உறுத்தியது. ஆள் பிடித்துக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தரகு கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விசாரித்துப் பார் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. கொழும்பில் அப்படிப்பட்ட தரகர்களைப் பார்த்தவன் நான். இருந்தாலும் மாமா கடவுச்சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். சும்மா இருக்கட்டும் என்றார்.

ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்த வாரம். நான் லயத்துக்குப் போயிருந்தேன். என் தொலைபேசியின் திரையில் சின்ன மாமா போர்த்திக்கொண்டு வந்தார். அண்ணனுக்காகக் கட்டணம் விசாரிக்கத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாராம், ஏ.சி. குளிருக்குத்தான் போர்வையாம். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். பொய் பிடிபட்டது, தரகு உறுதி என்று முடிவு கட்டினேன். பெரிய மாமா, தம்பியைக் கொஞ்சம் தலையை நகர்த்தச் சொன்னார். பின்னால் துருப்பிடித்த இரும்பு அலுமாரியின் மேல் ஒரு வெள்ளைப் போத்தல், வாயில் தாள் அடைத்தபடி இருந்தது. வழக்கம்போல நலம் விசாரித்து முடித்து, இணைப்பு அறுந்த பிறகுதான் மாமா வாயைத் திறந்தார்.

"காசு வாங்குற ஆஸ்பத்திரிக்கு எவன்டா போத்தல் கொண்டு போவான்?"

எழுந்து கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டே, "அவன் படுத்திருக்கான்" என்றார்.

ஒப்பரேஷன் நாளை விடவேண்டாம் என்று நான் வாதாடினேன், டாக்டரும் சொன்னார். மாமா கேட்கவில்லை. திருச்சிக்கு டிக்கெட் எடுத்து நானே கூட்டிப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் நீண்ட வார்டில், கடைசிக் கட்டிலுக்கு முந்தியதில் சின்ன மாமா கிடந்தார். வயிறு வீங்கி, கைகள் குச்சியாகியிருந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒன் டேட்டு என்னாச்சுண்ணே?"

"தள்ளிப் போட்டுட்டாங்க."

"பொய் சொல்லாத."

"நீ மட்டும் ஏ.சி.ல இருக்கேன்னு சொன்ன?"

சின்ன மாமா சிரிக்க முயன்று இருமினார். "காசில்லாம சும்மா வைத்தியம்னு சொன்னா நீ நம்ப மாட்ட. அதான் காசுன்னேன். ஒன்னை இங்க கொண்டாந்து காட்டிரலாம்னு பாத்தேன்."

"ஒனக்கு முடியலன்னு ஏன்டா சொல்லல?"

"நீ டேட்டு கெடைச்சிருச்சுன்னே. சொன்னா அத விட்டுட்டு வந்துருவ."

"சரி. வந்துட்டேன்ல." மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தான் கொண்டுபோயிருந்த பச்சைப் போத்தலை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அங்கே கொடுத்த கஞ்சியை முகர்ந்து பார்த்து, பதுளையில் இதைவிட நன்றாக இருக்கும் என்றார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சியைப் பற்றிய அந்தச் சண்டை மறுநாளும் நடந்தது. அந்த வாரமே சின்ன மாமா போய்விட்டார்.

திரும்பி வந்து வரிசையின் கடைசியிலிருந்து காத்திருந்து மாமாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. சில பொருள்களை வெளியே வாங்கச் சொன்னார்கள், வாங்கினோம். பிழைத்தார். நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டு, உள்ளே வைத்தது புதுசா, எவனோ கழற்றிப் போட்டதா என்று பார்ப்பவர்களையெல்லாம் கேட்டார். இரண்டு மழைக்காலம் இருந்தார். முதல் தடவையே நடந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். என் கட்டுரை அச்சில் வந்தது. அதில் பிழை எதுவும் இல்லை என்றார்கள்.

இப்போது எனக்கும் இரத்த அழுத்தம். நாளை கிளினிக். குளிசையைத் தாள் உறையில்தான் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். பச்சைப் போத்தலை ஜன்னலிலிருந்து இப்போதுதான் இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.