அண்ணனை விடாத விரிசல்

அண்ணன் இறந்த ஓராண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களே, நண்பர்களே, அண்ணனின் நல்ல குணங்களை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அவரை உள்ளுக்குள் அரித்த ஒன்றைத் தங்கை நான் சொல்கிறேன்.

அண்ணன் தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் பிறந்தவர். அப்பா கடலோடு போனபின் அம்மா வலை பின்னிப் படிக்கவைத்தார். பொறியியல் முடித்து, துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் ஒரு கம்பெனியில் கிரேன்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தார்.

“இரும்பும் களைச்சுப்போகும், ஏளா” என்பார் என்னிடம். பாரம் தூக்கித் தூக்கி அதற்குள் விரிசல் விடுமாம். அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஃபஸ்ஸி லாஜிக் என்ற புதுக் கணக்கு வரத் தொடங்கியிருந்தது. நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிக்காமல், எவ்வளவு தூரம் கெட்டது என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே மதிப்புப் போடுவது. பாரம், உப்புக்காற்று, விரிசலின் நீளம் எல்லாவற்றையும் அப்படிச் சேர்த்து, கிரேன் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அண்ணன் கணிப்பார். கம்பெனியில் கேலி செய்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு கிரேனின் கையில் மயிரிழை விரிசலைக் கண்டு, அது வளர்கிறதா என்று பார்த்துவந்தார். அதற்குள் மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. வழக்கம்போல் தொழிலாளர்கள் கிரேனுக்கு ஆசையாகப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். விரிசல் மறைந்துபோனது. சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன்.

“மாதாவுக்கு அடிச்ச பெயின்ட்டையா சுரண்டச் சொல்லுதிய, அண்ணாச்சி? கொடி இறங்கட்டும்” என்றார் கிரேன் ஓட்டுநர் சூசை.

அண்ணனுக்கும் மனம் வரவில்லை. விரிசலின் பழைய நீளத்தை வைத்தே கணித்தார். களைப்பு பாதிக்குக் கீழே என்று வந்தது. ஓட்டலாம் என்று கையெழுத்திட்டார். கொடி இறங்குமுன் கிரேனின் கை முறிந்து சூசை இறந்தார்.

யாரும் அண்ணனைக் குற்றம் சொல்லவில்லை. அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலையை விட்டார். சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் வாசலின் இரும்புக் கேட்டில் காதை வைப்பார்.

“முறியுத சத்தம் கேக்குதா, ஏளா?”

எனக்கு ஒன்றும் கேட்காது. இப்போது கேட்கிறது. பட்டப்பகலில், கேட் அசையாதபோதும் கேட்கிறது.

கடைசி நாட்களில் காய்ச்சலில் கிடந்தவரைக் கவனித்த மருத்துவருக்கும், கல்லறை வரை தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக, சூசையின் மனைவிக்கு. அன்னந்தண்ணீர் தொடாமல் கிடந்த அண்ணனுக்கு அவர்தான் கஞ்சி கொண்டுவந்தார்.

“என்னை மன்னிச்சிட்டியாம்மா?” என்று அண்ணன் கேட்டார்.

அவர் கஞ்சிக் கிண்ணத்தை அண்ணன் கையில் வைத்தார். பிறகு, “மன்னிச்சேன்னும் சொல்ல முடியல, அண்ணாச்சி, மன்னிக்கலன்னும் சொல்ல முடியல. கஞ்சி ஆறுது, குடிங்க” என்றார்.

அண்ணன் அழுதுகொண்டே குடித்தார். அதற்குப் பிறகு, உயிர் பிரியும்வரை, அவர் எதையும் குடிக்கவில்லை.