தண்ணீர்க் குழாய் ஒளிர்ந்தது

பதினெட்டு வருஷமாக அந்த ஆய்வுக்கூடத்தில் கிருமி பார்க்கிறவள் அவள். வீட்டுக்கு மூத்தவள். நடுவில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அவள் அம்மாவுக்குக் கடைசியாகப் பிறந்த தம்பியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். அந்தத் தம்பியின் மனைவிக்குத்தான் இப்போது விடாத இருமல். காசநோயா இல்லையா என்று தெரியும்வரை கைக்குழந்தையைத் தொடக்கூடாது என்று சொல்லி, டாக்டர் அவளைத் தனி அறையில் போட்டுவிட்டார். குழந்தைக்கு மூன்று மாதம்.

சோதனை ஒன்றும் மந்திரமில்லை. முன்னறையில், சளியிலிருந்து பிரித்த சாறைச் சின்னக் குழாயில் விட்டு ஒரு சாயம் சேர்ப்பாள். கிருமியின் மரபணு இருந்தால் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயம் அது. பின்னறை மெஷின் அந்த மரபணுவைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அது மட்டும் ஒளிரவே கூடாது. ஒளிர்ந்தால் எங்கோ தீட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம்; அன்றைக்கு ஒருத்தருக்கும் முடிவு கிடையாது.

முதல் நாள் தண்ணீர் ஒளிர்ந்தது. மேஜையை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தாள். மறுநாளும் ஒளிர்ந்தது. சாயம், தண்ணீர், கையுறை எல்லாம் புதுசு பிரித்தாள். மூன்றாம் நாள், வேறு எந்தக் குழாயும் ஒளிரும் முன்பே தண்ணீர் முதல் ஆளாக ஒளிர்ந்தது. மெஷினை ஓங்கி உதைக்கலாம் போலிருந்தது.

தம்பி போன் செய்தான்.

"இன்னிக்காவது சொல்லுவியாக்கா?"

"தண்ணி மறுபடியும் ஒளிருதுடா."

"தண்ணிக்கு நோய்னா தண்ணிய ஆஸ்பத்திரில சேத்துடு. என் பொண்டாட்டிய விடச் சொல்லு!"

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுடா."

"பதினெட்டு வருஷமா அங்க என்னதான் கிழிச்ச?"

வைத்துவிட்டான். தூக்கி வளர்த்த பிள்ளை கேட்ட கேள்வி. கண் கலங்கியதில் மூக்குக் கண்ணாடி வழுக்கியது. கையுறை போட்ட விரலால் அதை மேலே தள்ளினாள். தள்ளிய விரல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

போன வாரம் பின்னறையில், பெருக்கி முடித்த ஒரு குழாயின் மூடி தெறித்து, உள்ளே இருந்தது அவள் மேலெல்லாம் சிதறியது. அறையைக் கழுவினாள், கோட்டை மாற்றினாள், செருப்பை மாற்றினாள். கண்ணாடியை யார் நினைத்தார்கள்? அதைப் போட்டுக்கொண்டேதான் முன்னறைக்கும் வந்திருக்கிறாள். நாளுக்கு நூறு தடவை தொட்ட அந்த விரலால்தான் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறாள்.

கண்ணாடியை பிளீச்சிங்கில் ஊறப் போட்டாள். நாலாம் நாள், வீட்டில் கிடந்த பழைய கண்ணாடியோடு, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் குழாய்களை நிரப்பினாள். கிருமி உண்டு என்று தெரிந்தே வைத்த குழாய் ஒளிர்ந்தது. தண்ணீர் கடைசிவரை இருட்டாகவே இருந்தது. அண்ணி என்று அவளை உரிமையோடு அழைக்கிற தம்பி மனைவியின் குழாயும் இருட்டுதான். நோய் இல்லை.

சாயங்காலம் அவளே போன் செய்து, எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"கொழந்தைய மடியில போட்டுட்டேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "வாயே வைக்க மாட்டேங்கறா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழறா. பாட்டில்தான் வேணுமாம்."

"ரெண்டு நாள் விடாம வச்சுப் பாரு, பழகிடுவா."

"பாக்கறேன். அந்தக் கண்ணாடிய முதல் நாளே கழுவியிருக்கலாம் அண்ணி."

போனுக்குள் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.