அக்கா மாதிரியே ஒரு பொம்மை

சில வருஷங்களுக்கு முன்னால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு நவராத்திரி கொலுவில் ஆரம்பித்த விஷயம் இது. என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. படி கட்டிப் பொம்மை அடுக்குவது நானும் என் கணவரும். கீழே தரையில் பார்க் போடுவது மட்டும் அவள் இலாகா, நாங்கள் கை வைத்தால் சண்டைக்கு வந்துவிடுவாள். கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி, நடுவில் ஒரு குளம், சுற்றிலும் அவளுடைய நாகரிகப் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் ஒடிந்துவிடுகிற மாதிரி இடுப்பு, குச்சி குச்சியாய்க் கால்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி அவளுக்குப் புது மாதிரிப் பொம்மை ஒன்று அனுப்பியிருந்தான். நிஜப் பெண்களைப் போல உடம்பு. லேசான வயிறு, சதைப்பிடிப்பான தொடை. ஒல்லிப் பொம்மைகளையே பார்த்து வளரும் பெண்களுக்குத் தங்கள் உடம்பு பிடிக்காமல் போய்விடுகிறதாம், அதனால் இப்போது இப்படிச் செய்கிறார்கள் என்றான். என் மகளும் கொஞ்சம் பூசினாற்போல்தான் இருப்பாள். எவ்வளவு யோசித்து வாங்கியிருக்கிறான் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அவளும் வீடியோ காலில் மாமாவுக்குச் சிரித்துக்கொண்டே தேங்க்ஸ் சொன்னாள்.

ஆனால் பார்க்கில் அந்தப் பொம்மையை, குளத்தோரம் நட்டிருந்த பிளாஸ்டிக் மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏனென்று கேட்டேன்.

"அவ ஒளிஞ்சு விளையாடறாம்மா" என்றாள்.

நன்றாகத்தான் கற்பனை பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு நிறைய மனிதர்கள். மன்னார்புரத்து ஆபீசிலிருந்து அரக்கப் பரக்க ஓடிவந்து, புடவை மாற்றிக்கொண்டு, சமையலறையில் சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் திடீரென்று பெரிய சிரிப்புச் சத்தம். கொலு களைகட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நடந்ததைப் பிறகுதான் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். அவருடைய பேத்திக்கு நாலு வயசு. என் மகள் என்றால் உயிர், சதா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டே திரியும். அந்தக் குழந்தை மரத்துக்குப் பின்னாலிருந்த பொம்மையைக் கண்டுபிடித்து எடுத்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "அக்கா மாதிரியே இருக்கு!" என்று கத்தியிருக்கிறது. வந்திருந்தவர்கள் பொம்மையைப் பார்த்து, அவளைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் "அச்சு அசல்!" என்று வேறு சொன்னாராம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பாடு பாடு என்று அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். அவளும் பாடியிருக்கிறாள். சுருதி பிசகாமல் பாடினாள் என்று மாமி மெச்சினார். குழந்தைதானே சொன்னது என்று நானும் பெரிதாக நினைக்கவில்லை.

தீபாவளி வந்தது. விடிகாலையில் அவளை மணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தேன். முதுகில் தடவியபடி கை இடுப்புப் பக்கம் இறங்கியதும் "ஸ்ஸ்..." என்று துள்ளினாள். என்னடி என்று பாவாடையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாய்த் தடிப்பு. இரண்டு இடத்தில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. துருவிக் கேட்டதும்தான் சொன்னாள். கொலுவுக்குப் பிறகு, வயிறு தெரியக்கூடாதென்று யூனிஃபார்முக்குள்ளே துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு தினமும் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். எண்ணெய்க் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"குழந்தைடி அது. தெரியாம ஏதோ சொன்னதுக்கா இப்படிப் பண்ணிண்டே?"

அவள் அழவில்லை. "அதாம்மா. அதுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். கேலி பண்ணத் தெரியாது. அப்போ நெஜமாத்தானே சொல்லியிருக்கும்?" என்றாள்.

நீ அழகுடி, செல்லமே என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா வேறு எப்படிச் சொல்வாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

புண்ணுக்கு டாக்டரிடம் காட்டினோம். அவர் சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவரிடமும் பல மாதங்கள் கூட்டிப்போனேன். துப்பட்டா கட்டுவது நின்றது. இப்போது பிளஸ் டூ படிக்கிறாள், தோழிகளோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருகிறாள், எங்களைக் கிண்டல் பண்ணுகிறாள். ஆனால் யாராவது போட்டோ எடுக்க வந்தால் மட்டும், பேச்சை நிறுத்தாமலே, கையிலிருக்கும் பையை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்துவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

கைக்குழந்தையாய் இருந்தபோது இதே வயிற்றில் முகத்தைப் புதைத்து ஊதி அவளைச் சிரிக்க வைக்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. கொழுகொழுவென்று இருக்கிறாளே, கண் பட்டுவிடும் என்று நான் தினமும் திருஷ்டி கழித்தேன். எல்லோரும் கொஞ்சிய அந்த வயிறு எந்த நாளிலிருந்து அவள் மறைக்கவேண்டிய ஒன்றாகிப் போனது என்று, பெற்றவளாக இருந்தும், எனக்கு இன்றுவரை தெரியவில்லை.