தடவிப் பார்த்த சுறா

நான், என் மனைவி, விற்கிற தமிழ்ப் பெண். ஜார்ஜ் டவுன் கடலோரக் கருவாட்டு மியூசியத்தின் வாசல் கடையில் வேறு ஆள் இல்லை. கருவாட்டு வாசமும் இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம். அலோர்ஸ்டாரிலிருந்து வந்திருக்கிறோம். பத்து காவான் ஊரில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். பால் போதவில்லை. பால்சுறாக் கருவாடு வேண்டும்.

"எல்லாம் சுறாதாண்ணே. உள்ளே போட்டோகூட இருக்கு லா," என்கிறாள் அந்தப் பெண்.

"போட்டோவைக் குழம்பு வைக்க முடியாதும்மா," என்கிறாள் மனைவி.

பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். சுறாத் தோலை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையை அறுக்கும்.

"எல்லாத்தையுமா தடவுவீங்க?"

"தின்னப்போறது பச்சை உடம்புக்காரி."

ஒவ்வொன்றாகத் தடவுகிறேன். வழுக்குவதைத் தள்ளி வைக்கிறேன்.

பொட்டலத்தில் இருந்தது பத்து. சுறா மூன்று.