கட்டை ஆளின்ர தோள்மூட்டு

எனக்கு உயரம் நூற்றி அறுபத்தாறு சென்ரிமீற்றர். சுவிஸில பேஸ்போல் விளையாடுற ஆக்களே குறைவு. அதுக்குள்ள பந்து எறியிற கட்டைத் தமிழன் எண்டால் என்னைத் தவிர வேற ஆர் இருக்கப் போகினம்? ஊஸ்டர் பட்டினத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கழகத்தில பன்னிரண்டு வருசமா எறிஞ்சனான். ஆனா எப்பவும் இடையில இறங்கி, ரெண்டு இன்னிங்ஸ் எறிஞ்சுபோட்டு வாற ஆள். ஆட்டத்தைத் தொடக்கி ஆறு இன்னிங்ஸ் தனியக் கொண்டுபோறது ஒரு வெள்ளைக்கார நெட்டையன்.

பயிற்சியாளர் நல்ல மனுசன்தான். கட்டை ஆக்கள் நெட்டை ஆக்களின்ர வேகத்தில எறியிறதெண்டால் உடம்பைப் போட்டு முறிக்கவேணும், ஒரு சீசனுக்குத் தோள் தாங்காது எண்டது அவரின்ர முடிவு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. ஒரு முழுச் சீசன் தொடக்கி எறிஞ்சு காட்டவேணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

போன வருசம் ஏப்ரலில நெட்டையனுக்கு முழங்கை போச்சு. வேற ஆளில்லாமல் பயிற்சியாளர் பந்தை என்னட்டத் தந்தார். மூண்டு கிழமை பாப்பம் எண்டார். அது நாலு மாசமாச்சு. ஒவ்வொரு ஞாயிறும் ஆறு இன்னிங்ஸ், சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் எறிஞ்சன்.

மே மாசமே தோள் நோகத் தொடங்கீட்டுது. நான் வேலை செய்யிறது ஆஸ்பத்திரிக் குசினியில. சாப்பாட்டு வண்டிலை இடக்கையால தள்ளப் பழகினன். சீப்பால தலை இழுக்கிறதும் இடக்கையாலதான். பயிற்சியாளர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முதலும் தோள் எப்பிடி எண்டு கேப்பார். பரவாயில்லை எண்டுவன். உண்மையைச் சொல்லியிருந்தால் ரெண்டு கிழமை ஓய்வு தந்து திருப்பி இறக்கியிருப்பார், அவர் அப்பிடிப்பட்ட ஆள். ஆனா எங்கட வீட்டில நோகுது எண்டு சொல்லுற பழக்கம் இல்லை. அப்பா அகதியா வந்தவர். விசாவைப் பறிச்சுப் போடுவாங்கள் எண்ட பயத்தில ஒரு நாள்கூடச் சுகவீன லீவு எடுக்காமல் இருபத்தெட்டு வருசம் ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவினவர். நான் இங்க பிறந்து சிவப்பு சுவிஸ் பாஸ்போட் வச்சிருக்கிறவன். நோவை மறைக்க எனக்கென்ன விசரோ?

ஓகஸ்டில ஒரு ஆட்டம், நாலாவது இன்னிங்ஸ். எறிஞ்ச பந்து பாதி வழியில நிலத்தில விழுந்துது. அடுத்ததும் அப்பிடியே. பயிற்சியாளர் நடந்து வந்து வழமையாக் கேக்கிறதைக் கேட்டார். பொய் சொல்லக்கூட எனக்குச் சத்தில்லை.

"நோகுது."

"எப்ப இருந்து?"

"மேயில இருந்து."

அவர் ஏசேல்லை. என்ர கையிலிருந்து பந்தை வாங்கினார். "இது உயரத்தாலயோ, நீ வாய் திறக்காததாலயோ? எனக்கு இனி ஒருநாளும் தெரியவராது," எண்டார்.

தசைநார் கிழிஞ்சிட்டுது, இனி எறியேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கழகத்தில எல்லாரும் உயரத்தைத்தான் சொல்லுகினம். இளையோர் அணியில ஒரு கட்டைப் பெட்டை அருமையா எறியிறாள். என்னைக் காட்டி, அவளையும் இடையிலதான் இறக்குகினம். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

கையில கட்டோட போய் இதெல்லாத்தையும் அப்பாவுக்குச் சொன்னன். அவர் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்ர கட்டைப் பாத்தபடி, மெல்லமா ஒண்டே ஒண்டுதான் கேட்டார்.

"நோகுதெண்டு ஏன் மோனை அவரிட்டச் சொன்னனீ?"