நாலு விரல் உயர்ந்த சீற்

காற்றடிக்க வந்தவரின் குதிகாலைப் பிடித்துப் பெடலில் வைத்து அழுத்துகிறார் கச்சிமுகம்மது. "ஆடாதீங்க காக்கா, முழங்கால் மடங்குதா எண்டு பாக்கிற." எங்கள் பக்கம் அண்ணன்மார் எல்லோரும் காக்காதான். வந்தவருக்கு டயரில் காற்றில்லை என்பது கவலை. இவருக்கு அது கடைசிக் கவலை. கல்முனையிலிருந்து பாண்டிருப்புக்குப் போகும் வழியில் சைக்கிள் திருத்தும் இந்த மனிதர், ஆட்களின் முழங்காலைப் பார்த்துத்தான் சலாமே சொல்வார்.

பெடல் அடியில் நிற்கும்போது குதிகாலை வைத்தால் கால் நீள வேண்டும். நீளாவிட்டால் உட்காரும் சீற் பதிந்து கிடக்கிறது. சீற் பதிந்தால் கால் உளையும். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு. நாள் முழுக்கக் குந்தியிருந்தே இதைச் சொல்வார். எழும்பும்போது மட்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்பார். கை கொடுத்தால் எரிந்து விழுவார். "எனக்கென்ன, நான் கிழவனா?"

எங்கள் ஊரில் எல்லாச் சீற்றும் பதிந்துதான் கிடக்கும். ஆட்கள் கட்டை என்று நினைத்துவிடாதீர்கள், வாய்தான் நீளம். சந்திக்குச் சந்தி நிறுத்தி, இறங்காமலே, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் கதைக்க வேண்டாமா? சாரன் உடுத்தவர்களுக்கு அது இன்னும் வசதி. நானும் அப்படித்தான் ஓடினேன். பாடசாலை போய்ச் சேரும்போது தொடை கல்லாகியிருக்கும். "மாஸ்டர், நீங்க சைக்கிள் ஓடல்ல, குந்திக்கிட்டுப் போறீங்க," என்றார் கச்சிமுகம்மது ஒருநாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மை என்பதால் சீற்றை உயர்த்தக் கொடுத்தேன்.

பக்கீர் முகைதீன் காக்கா என்னைப் போல் லேசில் மசிகிற ஆளில்லை. தினமும் ஐந்து மைல் மிதித்து வயலுக்குப் போகிறவர். முழங்கால் நோவு முற்றி, எங்கள் சின்னப் பள்ளிவாசலில் இருக்கும் ஒரேயொரு கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கினார். நெற்றி நிலத்தில் படாத தொழுகை அவரை உள்ளுக்குள் அரித்தது. ஒருநாள் நான் கடையில் நிற்கும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "கால் ஏலாடா. இந்தப் போகத்தோட வயலக் குத்தகைக்குக் குடுக்கப்போறன். இத நீயே வெச்சிக்க." சொல்லிவிட்டும் ஹாண்டிலை விடவில்லை. பாவம், எனக்கே ஒருமாதிரியாகிப் போனது.

கச்சிமுகம்மது அசரவில்லை. "காலுல ஒண்டுமில்ல காக்கா, சீற்றுலதான்," என்று நாலு விரல் உயர்த்திப் பூட்டினார்.

"அப்ப சந்தியில நிண்டு எப்பிடிடா கதைக்கிற?"

"எறங்கிக் கதைங்க. இல்லாட்டி வாயப் பொத்திக்கிட்டுப் போங்க."

மறுநாளே காக்கா சீற்றைப் பழையபடி இறக்கிவிட்டார். கச்சிமுகம்மது கண்டுவிட்டார். நடுவீதியில் வழிமறித்து, மீண்டும் உயர்த்தி, ஸ்பனரில் இரும்புக் குழாயைக் கொழுவி, இனி ஊரில் எவனும் கழற்ற முடியாதபடி நட்டை இறுக்கி அனுப்பினார். காக்கா ஒவ்வொரு சந்தியிலும் மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்து, ஒற்றைப் பெருவிரலில் நின்றபடி அவரை ஏசினார். வாப்பா, அது என்ன ஏச்சு! ஆனால் வயலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு மாதம் ஏசினார். பிறகு ஏச்சு குறைந்தது.

போன கிழமை மதிய ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தேன். பக்கீர் முகைதீன் காக்கா கதிரையைக் கடந்து போய்த் தரையில் நின்று முதலில் தனியாகச் சுன்னத்துத் தொழுதார். குனிந்தார். முழங்காலை மெதுவாக மடித்தார். நெற்றி நிலத்தில் பட்டது. வெகுநேரம் எழும்பவே இல்லை. என் கண் கலங்கிவிட்டது.

இனிக் கச்சிமுகம்மதுவின் பெருமையை யார் தாங்குவது என்று திரும்பிப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, காலியாக நின்ற கதிரையை இழுத்தார். தன் முழங்காலோடு அணைத்து வைத்து அதன் உயரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.