ஈடு வைத்த சதுப்பு

அக்காவின் வீடு லண்டன் எட்மண்டனில், வரிசை வீடுகளில் கடைசி. பின்கதவைத் திறந்தால் கையகலத் தோட்டம், அதற்கப்பால் வேலி, வேலிக்கு அப்பால் ஒரு சதுப்பு. நாணலும் முட்பற்றையும், யாரோ தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் வண்டி ஒன்றும்தான் அதன் சொத்து. அத்தான் காலமான பிறகு, முழங்கால் ஒப்பரேசனும் முடிந்து, படியேற முடியாமல் அக்கா கீழே பின்னறையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். அந்த அறையும் அதன் ஜன்னலும்தான் அவருக்கு உலகம். அதைவிட்டு என்னுடன் இல்ஃபோர்டுக்கு வரச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கட்டடம் கட்டுமுன் சதுப்புகளின் இயற்கை வளத்தை மதிப்பிடுவது என் தொழில். எனக்குப் பயம் சுலபத்தில் வராது, கோபம்தான் வரும். இருந்தாலும் அக்கா வீட்டுப் பின்பக்கச் சதுப்பில் தனியாக நடக்க எனக்குப் பிடிக்காது. சேற்றிலிருந்து பூட்சை இழுத்தெடுத்தால் குழி உடனே மூடாது. கொஞ்சம் பொறுத்து, 'ளக்' என்று தண்ணீரை விழுங்கித்தான் மூடும். அதனால் என் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இன்னோர் அடி கேட்கும். நான் நின்றாலும் அது உடனே நிற்காது, ஓரடி கூடுதலாக வந்துதான் நிற்கும். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பேன்.

அங்கே அடுக்குமாடி வரப்போகிறது என்று விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டினார்கள். அக்கா வீடு பக்கத்தில் என்பதால் நான் அந்த வேலையைத் தொடவில்லை, வேறொரு கம்பனி மதிப்பிட்டது. அறிக்கையை வாசித்தேன். குறை சொல்ல வழியில்லை. என்ன வகை நிலம், எவ்வளவு பரப்பு, என்ன தரத்தில் இருக்கிறது என்று பெருக்கி, இத்தனை அலகு இயற்கை அழிகிறது என்று வந்திருந்தது. அத்தனை அலகையும் லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணையில் புதுச் சதுப்பாக வாங்கிவிட்டால் கணக்கு நேர். மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வேலைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, அது வேறு அறிக்கை. அதிலும் நிலத்துக்கடியில் ஒரு தொட்டியைப் படத்தில் கீறியிருந்தார்கள்.

அக்காவுக்கு விளங்கப்படுத்தப் போனேன்.

"இதுக்கு ஈடா வேற இடத்தில ஒரு சதுப்புச் செய்வினம், அக்கா."

"ஈடோ? அப்ப பிறகு மீட்கலாம்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஈடு என்றால் அடைமானம். காணியை ஈடு வைப்பார்கள், பிறகு மீட்பார்கள்.

"அந்த ஈடு இல்லை. இது பதிலுக்குக் குடுக்கிறது. இந்த இடம் இனித் திரும்பி வராது."

அக்கா சிரிக்கவில்லை. "எங்கட காணிய ஆமி பிடிச்சு வைச்சுக்கொண்டு மாற்றுக் காணி தாறம் எண்டவை. நாங்கள் ஓமெண்டனாங்களே? காணிக்கு உடையவை எண்டால் மீட்க வருவினம்."

அதன் பிறகு யார் கேட்டாலும் பின்வளவுச் சதுப்பை ஈடு வைத்திருக்கிறார்கள் என்றே அக்கா சொன்னார். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

சதுப்பை நிரவி, கட்டடம் எழும்பிய பிறகு, அந்தப் பண்ணையைப் பார்வையிடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. போனேன். வெட்டிய குளம் பளபளத்தது. நட்ட கோரை வரைபடத்தில் உள்ளபடியே நின்றது. ஒன்றும் பிழையில்லை. ஆனால் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. கரையோரச் சேற்றில் இறங்கி நடந்தேன், நின்றேன், காதைக் கொடுத்தேன். பின்னால் எதுவும் வரவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்த்தது போல இருந்தது. ஏனோ வேலையை அரைகுறையாக முடித்துக்கொண்டு காருக்கு ஓடினேன்.

அடுத்த மாரியில், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"பின்னறைக்குள்ள ஆரோ நடக்கினம்."

"தனிய இருந்து இருந்து உங்களுக்கு விசர்," என்று சத்தம் போட்டுவிட்டு, உடனேயே புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது பிற்பகல்தான், ஆனாலும் மாரிகாலத்து இருட்டு விழத் தொடங்கியிருந்தது. அறையில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் புதுக் கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன. கட்டிலை நோக்கி நடந்தேன். பின்னால் 'ளக்' என்றது. நின்றேன். ஓரடி கூடுதலாக வந்து, அதுவும் நின்றது.

மண்டியிட்டுக் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கினேன். பலகை இடுக்குகளில் கறுப்புத் தண்ணீர் மினுங்கியது. அந்தச் சேற்று மணத்தை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். சுவரோரம் ஒரு சின்னத் தவளை, பல காலம் அங்கேயே குடியிருந்த மாதிரி, அசையாமல் என்னைப் பார்த்தது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு முதல்தடவையாக எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

"கவுன்சிலுக்குப் போன் அடிப்பம் அக்கா. பம்ப் கொண்டு வருவினம், இறைச்சுப்போடலாம்."

அக்காவின் பெட்டி கட்டிலில் ஏற்கெனவே அடுக்கி மூடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இறைக்கிறதோ? தங்கட காணிக்கு வந்தவையை நான் என்னெண்டு கலைக்கிறது? எங்களைக் கலைச்சது போதாதே?"

எனக்கு அழுகை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அக்கா ஊன்றுதடியுடன் மெல்ல மெல்ல வந்தார். அவர் வாசற்படியில் வந்து நின்ற பிறகும் உள்ளே ஓரடி கேட்டது.

அக்கா திரும்பி, இருண்ட அறையைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சொல்வது போல, "இருங்கோ" என்றார்.